பேஸ் மாடல் போதும்

கொத்தனாருக்குத் தர வேண்டிய கூலி பாக்கி எண்பத்தாறாயிரத்து நானூறு ரூபாய். "கையில சல்லிக்காசு இல்லப்பா" என்று காலையில் அவரைப் போனிலேயே விரட்டிவிட்டு, கான்ட்ராக்டர் மனைவியோடு ஜீப் வாங்கக் கிளம்பினார்.

"மலையில வேலை எடுத்திருக்கேன். டாப் மாடலே போடும்மா" என்றார் ஷோரூம் பெண்ணிடம்.

"எதுக்கு சார்? கல்லுலயும் சேத்துலயும் ஏற நாலு சக்கரமும் இழுக்கணும். அது பேஸ் மாடல்லயே இருக்கு. டாப்புல கூடுதலா இருக்கறது சன் ரூஃபும் லெதர் சீட்டும்தான். சிமென்ட் பட்டா சீட்டு ஒரே மாசத்துல பல்லிளிச்சிடும். ஒண்ணரை லட்சம் மிச்சம்."

மனைவிக்கு வாயெல்லாம் பல். "பொழைக்கத் தெரியாத பொண்ணா இருக்கியே! உன் கமிஷன் குறையுமே?"

"குறையட்டும்மா. மிச்சத்துல சார் கூலி பாக்கியக் கொடுத்திடலாம்."

கான்ட்ராக்டர் திடுக்கிட்டார். "அது உனக்கெப்படித் தெரியும்?"

"குரல்லயே தெரிஞ்சுது சார். காலைல நீங்க 'சல்லிக்காசு இல்ல'ன்னு பேசினப்போ ஸ்பீக்கர்ல போட்டிருந்தார், எங்கப்பா."

"சல்லிக்காசு இல்லையா?" மனைவி முறைத்தபடி செக் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

அவர் அசடு வழியப் பேனாவைத் திறந்தார். எட்டு வருஷமாக அந்தக் கொத்தனாரிடம் வேலை வாங்கியவர் கேட்டார்:

"உங்கப்பா பேரு என்னம்மா?"

அவள் எழுத்தெழுத்தாகச் சொல்ல, ஜீப்புக்கு முன்பாகக் கொத்தனாரின் பாக்கி தீர்ந்தது.