ரூபியின் செயற்கைக் காது

காலையிலிருந்து ரூபியின் செயற்கைக் காது இரைந்துகொண்டே இருந்தது. பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அதுல ஓடுறது நீங்க எழுதின மென்பொருள்தானே? திறந்து சரி பண்ணுங்க," என்றாள் ஜெசிந்தா கணவனிடம்.

இன்பதுரை திறந்தான். அதற்குப் பூட்டு கிடையாது. மகளுக்காக எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று உலகத்துக்கே கொடுத்திருந்தான். ஆனால் எழுதியபோது அவன் நெற்றியில் புத்தியைக் கூட்டும் கம்பெனிப் பட்டை இருந்தது. போன வாரம் வேலையை விட்டதும் பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அது கொடுத்திருந்த புத்தியும் அதோடு போய்விட்டது. இப்போது ஒரு வரிகூட விளங்கவில்லை.

"அப்பா, இன்னும் இரையுது."

"இரும்மா, இந்தா முடிஞ்சிரும்."

எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். கடைசியில் அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களின் குழுவில் உதவி கேட்டான். சொந்தப் பெயரில் கேட்க வெட்கமாக இருந்ததால் வேறு பெயரில் கேட்டான்.

ஈப்போவிலிருந்து ஒரு தாய் உடனே பதில் போட்டாள்.

"பயப்படாதீங்க. என் மகன் காதையும் இதை எழுதினவர்தான் சரி பண்ணிக் கொடுத்தாரு. இன்பதுரைன்னு பேரு. அவர்கிட்ட கேளுங்க, முடியாதுன்னு சொல்லவே மாட்டாரு."