வலக்கால்

தரையில் குறுக்காகக் கிடக்கும் ஈட்டிகளைக் கோயிலின் கருங்குதிரை வலக்காலை எடுத்துவைத்துத் தாண்டினால் கைதிக்கு உயிர். இடக்கால் என்றால் பலி. போன கோடையில் அது வலக்காலை வைத்துவிட்டதால்தான் பூசாரி ராதிமிர், ஓங்கிய கத்தியை மனமில்லாமல் இறக்கி, பாதிரியார் கெர்லாக்கை அவிழ்த்துவிட்டார்.

இப்போது படையோடு திரும்பி வந்த கெர்லாக், அதே ஈட்டிகளைப் பரப்பச் சொன்னார். கட்டுண்டு கிடந்த ராதிமிர் குதிரையின் கால்களையே பார்த்தார். குதிரை வலக்காலை வைத்தது.

"அவுத்து விடுங்க சாமி. அன்னிக்கு உங்களையும் இதுதானே காப்பாத்துச்சு?"

"அன்னிக்குக் காப்பாத்தினது கர்த்தர்," என்றார் கெர்லாக் பரிவோடு. "குதிரை பேச்சைக் கேட்டு உன்னை விட்டா, அது பாவமில்லையா?"

வீரன் ஒருவன் ஈட்டியை எடுக்கக் குனிந்தான். குதிரை நகர்ந்து வழிவிட்டது.