வண்டி நின்ற வீடு

சுரங்கத்தின் அபாயச் சங்கு அடங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கறுப்புக் குதிரை வண்டி தெருமுனையில் திரும்பிவிட்டது.

பென்சில்வேனியாவின் அந்தச் சுரங்கத் தெருவுக்குப் பிழைக்க வந்த ஸ்லோவாக்கியப் பெண்களுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்த வண்டியைத் தெரியும். குழியில் செத்தவனை அவன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போகிற வண்டி.

ஹெலெனாவும் பக்கத்து வீட்டு சுசானாவும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, கரி படிந்த சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். துணி துவைக்கிற நாளென்றால் சுசானா தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஹெலெனாவின் வீட்டுக்கு வந்துவிடுவாள். இரண்டு பேரின் கணவர்களும் சுரங்கத்துக்குள் இருந்தார்கள்.

"எந்த வீடுன்னு பாருக்கா. எனக்குக் கண்ணு இருட்டுது."

சுசானா ஜன்னலுக்கு ஓடினாள். வண்டி அவள் வீட்டு முன்னால் தயங்கியது. பிறகு நகர்ந்தது.

"தாண்டிருச்சு! மாதாவே, எங்க வீட்டைத் தாண்டிருச்சு! என் வீட்டுக்காரர் இம்ரிக்குக்கு ஒண்ணுமில்ல!" என்று சிலுவை போட்டுக்கொண்டவள், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வண்டி ஹெலெனாவின் வாசலில் நின்றிருந்தது.

ஹெலெனா ஈரச் சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "காலையிலகூட மத்தேய் கெஞ்சினாருக்கா. ஊருக்கே போயிடலாம், ஆட்டு மணிச் சத்தம் காதுலயே கேக்குதுன்னாரு. பாவி நான், அங்க என்ன கொட்டிக் கிடக்குன்னு கேட்டேனே!"

"அழாதடி. நான் இருக்கேன்ல, உன்னை விட்டுட்டுப் போயிடுவேனா?"

கதவு தட்டப்பட்டது.

ஹெலெனா பாய்ந்துபோய்த் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள். "திறக்க மாட்டேன்! திறந்தாத்தானே உள்ள கொண்டு வருவாங்க!"

மறுபடி தட்டினார்கள். இந்த முறை மெதுவாக.

"விடு, நான் திறக்கறேன். நீ பாக்க வேணாம்." தாழ்ப்பாளை இறுக்கியிருந்த அவள் விரல்களை சுசானா ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள். உடைந்துபோயிருந்தாலும் அது மத்தேயின் குரல்தான்.

"ஹெலெனா... சுசானாக்கா அங்கயா இருக்காங்க?"