மணிக்கு மணி

"இனி ஆஸ்பத்திரிக்குப் போன் அடிக்க வேண்டாம் வாப்பா. கம்ப்யூட்டரே கேட்டுக்கிடும்" என்றாள் அர்ஃபா.

கோவில்பட்டியில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையின் இணையதளத்தில், வாப்பா ஜமால் முகம்மதுவின் டயாலிசிஸுக்காகப் பதிந்திருந்தாள். இடம் கிடைக்கும்வரை மதுரைக்குப் பஸ்ஸில் அலைய வேண்டும். உடம்பு இனி தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நிரல் எழுதுவது அர்ஃபாவின் பிழைப்பு. இடம் வந்ததா என்று பார்க்க, பிரவுசர் அந்தத் தளத்துக்கு அனுப்பிய கோரிக்கையைக் கட்டளையாக நகலெடுத்து, பைத்தான் நிரலாக மாற்றி, வீட்டுக் கம்ப்யூட்டரில் மணிக்கொரு தரம் தானாக ஓடவிட்டாள்.

ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் வந்தது: 'பெயர் வரிசையில் உள்ளது. காத்திருக்கவும்.'

"எனக்குப் பொறவு பதிஞ்ச வெயிலுமுத்துக்கே இடம் கெடைச்சிட்டு. நம்மள ஏம்மா கூப்பிடல?" என்றார் ஜமால்.

அர்ஃபா நேரில் போனாள். கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள்.

"இப்ப பதினோரு மணிக்குத்தானக்கா பதிஞ்சிருக்கீங்க."

"நான் இங்கனதான நிக்கேன்?"

"உங்க நம்பர்ல இருந்துதான் வந்திருக்கு. மறுபடி பதிஞ்சா பழசு அழிஞ்சி, பேரு கடைசிக்குப் போயிரும்க்கா."

அர்ஃபாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் நகலெடுத்தது நிலவரம் கேட்கும் கோரிக்கையை அல்ல. பெயர் பதியும் கோரிக்கையை.

கைப்பேசி அடித்தது. வாப்பாதான்.

"இங்க கரண்டு போயிட்டும்மா. நீ பதறாத. ஃபேன அமத்திட்டு இன்வெர்ட்டர கம்ப்யூட்டருக்கு மட்டும் விட்டிருக்கேன். பன்னெண்டு மணிக்கு ஓடணும்லா?"