மல்லம்மா மீட்டர்

"டொக்! டொக்!"

கீழேயிருந்து சத்தம் வந்ததும் காளியப்பன் பதறிப்போய்க் குமிழைத் திருகினான். கம்பீரமாகக் கேட்டுக்கொண்டிருந்த நாதஸ்வரம் பூனைக்குட்டி மாதிரி முனகியது.

"எழுதிக்கோ லிங்கப்பா. கன்வர்ட்டர் நாலு, பிரீஆம்ப் ஏழு. ரெண்டு தட்டு."

பக்கத்து வீட்டு லிங்கப்பன் நோட்டில் எழுதினான். இரண்டு பேரும் ஒரே ஃபேக்டரி. மைசூர் என்.ஆர். மொஹல்லாவில் இருந்த அந்த மாடி வீட்டில் மூன்று மாதமாக ஞாயிறு காலை என்றால் இதே வேலைதான்.

எல்லாம் துபாய் மைத்துனன் கொண்டுவந்து கொடுத்த பெட்டிகளால் வந்தது. சி.டி.யில் எண்களாக இருப்பதைப் பாட்டாக மாற்றும் பெட்டி கன்வர்ட்டர். அந்தப் பாட்டை வாங்கித் தூக்கிவிடும் இன்னொரு பெட்டி பிரீஆம்ப். சிக்கல் என்னவென்றால், இரண்டிலுமே வால்யூம் குமிழ் இருந்தது.

முதல் பெட்டியை ரொம்பக் கூட்டினால் பாட்டு உடைந்து கரகரத்தது. அதைக் குறைத்து இரண்டாவதைக் கூட்டினால், பாட்டுக்குப் பின்னால் யாரோ தோசை வார்ப்பது மாதிரி 'உஸ்ஸ்'.

எதை எவ்வளவு வைப்பது? பெட்டியோடு வந்த புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. ஜப்பான் மொழியில்.

அளந்து பார்க்க மீட்டர் கிடையாது. ஆனால் கீழ்வீட்டில் மல்லம்மா இருந்தார்.

வீட்டுக்காரம்மா. தமிழ்நாட்டு எல்லை ஓரத்து ராமாபுரத்துக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். முட்டி வலியால் படி ஏற மாட்டார். மாடியில் சத்தம் ஒரு அளவைத் தொட்டதுமே ஒட்டடைக் கோலால் சீலிங்கைத் தட்டிவிடுவார். எந்தக் குமிழை எப்படித் திருகினாலும் சரி, அதே அளவு வந்ததும் 'டொக், டொக்!'

"நம்ம ஃபேக்டரியிலகூட இவ்வளவு கரெக்டான மீட்டர் இல்ல காளி" என்றான் லிங்கப்பன்.

காளியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மனுஷியா அது? நாதஸ்வரம் கேட்டாக்கூட ஆகாத ஜென்மம்!"

முதல் தட்டு விழுந்த அன்றிலிருந்து வீட்டில் சட்டம் போட்டிருந்தான். கீழ்வீட்டோடு யாரும் பேசக் கூடாது. ஆயுத பூஜைக்குச் சுண்டல்கூடப் போகவில்லை. வாடகையை ஜன்னலில் வைத்துவிட்டு ஓடி வந்துவிடுவான். மல்லம்மா "ஏ காளியப்பா, கொஞ்சம் நில்லப்பா" என்று கூப்பிட்டால் காது கேட்காதவன் மாதிரி சைக்கிளை மிதித்துவிடுவான்.

"ஏனுங்க, ஒண்டியா இருக்கறவங்க. போய் ஒரு வார்த்தை பேசினாத்தான் என்ன?" என்றாள் மனைவி சரசு.

"பேசினா வீட்டைக் காலி பண்ணுன்னு சொல்லும். பொண்ணு தாரணி பத்தாவது படிக்கிறா. பரீட்சை நேரத்துல மூட்டையைத் தூக்கிட்டு எங்க போறது?"

அடுத்த ஞாயிறு கடைசிச் சோதனை. கன்வர்ட்டரை எட்டில் நிறுத்திவிட்டு, பிரீஆம்பை மட்டும் மெதுவாக ஏற்றினான்.

"மூணு... நாலு..."

கரகரப்பு இல்லை. தோசை சத்தமும் இல்லை. நாதஸ்வரக்காரர் கூடத்திலேயே உட்கார்ந்து வாசிப்பது போல இருந்தது.

"இதுதான் காளி! இதுதான்!" லிங்கப்பன் துள்ளினான்.

"இரு, தட்டு வரட்டும். அஞ்சு... ஆறு..."

தட்டு வரவில்லை.

"ஏழு..."

அலமாரியில் டம்ளர்கள் ஆடின. தட்டு வரவில்லை.

"எட்டு..."

தெரு நாய் குரைத்தது. தவில் அடி நெஞ்சில் விழுந்தது. தட்டு மட்டும் வரவில்லை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சரசு மாவுக் கையோடு சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

"என்னங்க, அக்கா இன்னும் தட்டலையே!"

காளியப்பன் குமிழிலிருந்து கையை எடுத்தான். ஒண்டியாக இருக்கும் மனுஷி. விழுந்து கிடக்கிறாரோ? மூன்று மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லையே!

பாட்டை அப்படியே விட்டுவிட்டுப் படியில் பாய்ந்தான். லிங்கப்பனும் நோட்டோடு பின்னால் ஓடினான்.

பாதிப் படியில் மல்லம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி நின்றிருந்தார். இன்னொரு கையில் இரண்டாக முறிந்த ஒட்டடைக் கோல்.

காளியப்பனுக்கு உயிர் வந்தது. அடுத்த நொடியே மறுபடி போனது. முட்டி வலியோடு படியேறி வந்திருக்கிறார் என்றால், இது காலி பண்ணச் சொல்லத்தான்.

"அக்கா, கும்பிடறனுங்க! பெட்டியை இன்னைக்கே தூக்கிப் போட்டுடறேன். பரீட்சை முடியற வரைக்கும் வீட்டை விட்டுப் போகச் சொல்லாதீங்க!"

மல்லம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"போகச் சொல்றதா? எதிர்வீட்டுக்காரங்க ரெண்டு தரம் சண்டைக்கு வந்தாங்க. நான்தான் வைக்கச் சொல்றேன், எங்கிட்டப் பேசுங்கன்னு திருப்பி அனுப்பிட்டேன். இன்னைக்காவது நடுவுல குறைக்காம முழுசா விடுப்பான்னு சொல்ல வந்தேன்."

காளியப்பன் லிங்கப்பனைப் பார்த்தான். லிங்கப்பன் நோட்டைப் பார்த்தான்.

"அப்புறம்... மூணு மாசமா எதுக்குங்கக்கா சீலிங்கைத் தட்டினீங்க?"

"பின்னே? கீழ வரைக்கும் கேக்கற மாதிரி நல்லா வாசிச்சாக் கை தட்ட வேண்டாமா? வெறும் கையால தட்டினா மாடிக்குக் கேக்காதேன்னு கோலால தட்டினேன்!"