கண்ணாடியில் தெரியும் இடக்கை

கென்டக்கியின் பார்ட்ஸ்டவுனுக்கு வெளியே, வீட்டு வண்டிகளை நிறுத்தித் தங்கும் கேரவன் முகாமின் வரவேற்பறையில், மேசைமேல் விரித்த வரைபடத்தின் மீது மதிய வெயில் சாய்ந்து கிடக்கிறது. அருகிலுள்ள விஸ்கி ஆலையிலிருந்து புளித்த சோளத்தின் வாடை சன்னல் வழியே வந்தவண்ணம் இருக்கிறது. ஒரு வாரம் இங்கே தங்கிச் சுற்றுப்புற ஆலைகளைப் பார்க்க வந்திருக்கிறார்கள் ஆர்லோவும் அவருடைய மனைவி மேவிஸும். முகாமை நடத்தும் வெர்னா அம்மையார் பென்சிலால் வண்டி நிறுத்தும் இரண்டு கட்டங்களைத் தட்டுகிறார். "ஓடையோரம் நல்ல நிழல் கண்ணு, ஆலைக்கு நடந்தே போயிடலாம். ஆனா ரிவர்ஸ்லதான் ஏத்தணும். ரோட்டோரம்னா நேரா நுழைஞ்சு நேரா வெளிய போயிடலாம்." ஆர்லோ மனைவியைப் பாராமலேயே, "ரோட்டோரமே குடுங்க," என்கிறார். அவர் வண்டியைப் பின்னோக்கி எடுக்கும்போதெல்லாம் இருபது ஆண்டுகளாகப் பின்னே நின்று கைகாட்டியவர் மேவிஸ். சனவரியில் வந்த பக்கவாதத்திற்குப் பின் அவருடைய வலக்கை வெறுமனே தொங்குகிறது. "ஓடையோரமே எழுதும்மா," என்கிறார் மேவிஸ். "ரோட்டோரம் தங்கினா ஆலைக்கு வண்டியிலதான் போகணும். இவரு குடிச்சுட்டு வந்தா யாரு ஓட்டுறது, நானா?" வெர்னா அம்மையார் மட்டும் சிரிக்கிறார். சற்று நேரத்தில் வண்டி மரங்களுக்கிடையே மெல்லப் பின்னோக்கி நகர்கிறது. பக்கவாட்டுக் கண்ணாடியில், சரளைக் கற்களின்மேல், எவ்வுணர்வும் காட்டாத முகத்தோடு மேவிஸ் நிற்கிறார். உயர்த்திய இடக்கை அசைகிறது. வரச் சொல்கிறதா, நிற்கச் சொல்கிறதா என்று ஆர்லோவுக்கு விளங்கவில்லை. பிரேக்கை மிதிக்கிறார். இறங்கிப்போய்க் கேட்டுவிடலாம்; கேட்டால், மேவிஸ் இனி ஒருபோதும் அங்கே நிற்கமாட்டார். ஆர்லோ பிரேக்கிலிருந்து காலை எடுக்கிறார்.