முதல் நாள் நடை

உறையை மாட்டி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. பிழை விட்டாயிற்று.

முழங்காலுக்குக் கீழே மிஞ்சியிருந்த கட்டைக்குப் போடச் சொல்லி, பொய்க்கால் பொருத்த முகாமுக்கு வந்திருந்த அவள் ஒரு கம்பளி உறையை நீட்டினாள். கை தானாக வாங்கியது. சுருக்கமில்லாமல் இழுத்தது. தையல் எலும்பில் படாதபடி பக்கத்துக்குத் திருப்பியும் விட்டது.

ஏழு வருடப் பழக்கம்.

முகாம் பதிவில் அவன் சொன்னது வேறு. வயல் செய்யும் கமக்காரன். போன வருடம் செல் விழுந்து வெடித்துக் கால் போனது. பொய்க்கால் போட்டதே இல்லை.

உண்மையில் போட்டிருந்த கால், கடலோரக் களப்பைக் கடந்து ஆமியிடம் வந்த அன்று தண்ணீருக்குள் போனது. அவனே கழற்றி எறிந்தான். இயக்கத்தில் இருந்தபோது அவர்கள் செய்து கொடுத்த கால். அப்படிக் காலோடு வந்தவர்களை ஆமி வேறு பேருந்தில் ஏற்றியது.

அவள் உறையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

தலையாட்டினாள்.

இந்த முகாமில் தலையாட்டுவது சின்ன விஷயம் இல்லை. போன கிழமை ஆமிக்கு ஆள் காட்டிக்கொடுக்க ஒருத்தன் தலையாட்ட, பக்கத்துக் கூடாரத்திலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

படிவத்தில் ஏதோ எழுதினாள். இடது கையால் மறைத்துக்கொண்டு.

வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஆமிக்காரன் சிங்களத்தில் என்னவோ கேட்டான். அவளும் சிங்களத்திலேயே சொன்னாள். அவன் சிரித்தான். சிரித்துவிட்டு இவன் காலைப் பார்த்தான்.

அன்று விடிய இவன் அவளிடம் எந்த ஊர் என்று கேட்டிருந்தான். அவள் சொல்லவில்லை. ஊர் சொல்லாதவர்களை அவன் நம்புவதில்லை.

அவனும் சொல்வதில்லை.

புதுக் காலை மாட்டி, வாரை இறுக்கி, இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிறுத்தினாள். சக்கர நாற்காலியில் முறைக்குக் காத்திருந்த சூசைமுத்தர் குரல் கொடுத்தார்.

“தம்பி, கால் கிடைச்ச உடன ஓடிப்போடாதை. எனக்குக் காட்ஸ் விளையாட வேற ஆள் இல்லை.”

நான்கு மாதம் ஊன்றுதடி. இப்போது இரண்டு பாதம்.

ஒரு அடி வைத்தான்.

இன்னொன்று. இன்னொன்று.

கம்பியைப் பிடிக்க மறந்துபோனான்.

சூசைமுத்தர் சிரிக்கவில்லை. ஆமிக்காரன் கோப்பையைக் கீழே வைத்தான்.

அவள் வாரைச் சரிபார்ப்பதுபோலப் பின்னால் வந்து குனிந்தாள்.

“அண்ணை, முதல் நாள் ஒருத்தரும் இப்பிடி நடக்கிறேல்லை. கீழ விழுங்கோ.”

அவன் திரும்பவில்லை.

விழுந்தால், அவள் சொன்னது விளங்கிவிட்டது என்று ஆகும்; அவள் ஆமியின் ஆளென்றால் அதுவே போதும். கமக்காரனுக்கு அது ஏன் விளங்க வேண்டும்?

விழாவிட்டால், வாசலில் நிற்பவனுக்கு விளங்கிவிடும்.

அவள் நிமிர்ந்து இரண்டடி தள்ளி நின்றாள். தாங்கிப் பிடிக்கக் கை நீட்டவில்லை.

ஏழு வருடமாக அவன் விழுந்ததே இல்லை. எந்தப் பக்கம் விழுவது என்று யோசிக்க வேண்டியிருந்தது.

விழுந்தான்.

முழங்கைத் தோல் கிழிந்தது. சூசைமுத்தர் “ஐயோ தம்பி” என்றார். ஆமிக்காரன் சிரித்து, கோப்பையைத் திரும்ப எடுத்தான்.

அவள் படிவத்தில் எழுதினாள். இந்த முறை கையால் மறைக்கவில்லை.

அவன் கிடந்த இடத்திலிருந்து எழுத்துத் தெரியவில்லை.